உதட்டுக்குள் ஒரு நீர்க்குமிழ்: அறிவுரைகள் மீது ஒரு விமர்சனம்

கீழ் உதட்டின் உட்புறத்தில் ஒரு நாள் பட்டாணி அளவில் ஒரு குமிழ் எழும்புகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நாக்கால் தொட்டால் வழவழப்பாகத் தட்டுப்படுகிறது. விரலால் அழுத்தினால் உள்ளே நீர் இருப்பதுபோல் அசைகிறது. சற்றே நீலம் பாய்ந்த நிறம். சில வாரங்களில் தானே உடைந்து, பிசுபிசுப்பான நீர் வெளிவந்து, உதடு பழைய நிலைக்குத் திரும்புகிறது. "தொல்லை விட்டது" என்று எண்ணியிருக்கும்போதே அதே இடத்தில் மறுபடியும் எழும்புகிறது. மருத்துவ நூல்கள் இதனை மியூக்கோசீல் என்கின்றன. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், 10 முதல் 30 வயது வரை உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. அதாவது, இந்த இதழைப் படிக்கும் மாணவர்களின் வயது.

இந்தச் சிறு குமிழுக்கு நம்மிடையே வழங்கும் அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. வார இதழ்களின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதிகள், கைப்பேசியில் ஓடும் படக்காட்சிகள், காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த பிறகு தேநீர்க் கடையில் நடக்கும் பேச்சு என எல்லா இடத்திலும் அவை கிடைக்கும். "ஊசியால் குத்திவிடு", "உப்பு வை", "ஐஸ் வை", "சுண்ணாம்பு தடவு", "வலி இல்லாவிட்டால் விட்டுவிடு", "லேசர் வைத்தால் திரும்ப வராது" என்பவை அவற்றில் முக்கியமானவை. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கும், எது விழும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். நோயைக் கண்டறிவதும் மருந்து சொல்வதும் மருத்துவர் வேலை. ஆனால் ஒவ்வோர் அறிவுரைக்குள்ளும் ஒரு பௌதிகக் கூற்று ஒளிந்திருக்கிறது. "குத்தினால் வடியும்" என்பது திரவ ஓட்டம் பற்றிய கூற்று. "உப்பு நீரை இழுக்கும்" என்பது சவ்வூடு பரவல் பற்றிய கூற்று. அந்தக் கூற்றுச் சரியா என்று கேட்க, பள்ளி இறுதி வகுப்பு விஞ்ஞானம் கற்ற எவருக்கும் உரிமை உண்டு.

பெயரில் தொடங்கும் பிழை

பொதுப் பேச்சில் இதற்கு "நீர்க்கட்டி" என்று பெயர். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. குழப்பத்தின் முதல் வேர் இங்கேதான் இருக்கிறது.

"கட்டி" என்ற நம் சொல் எத்தனை பொருளுக்கு இடம் தருகிறது என்று பாருங்கள். சீழ் கோத்த கொப்புளம் கட்டி. புற்று நோயும் கட்டி. சினைப்பையில் தோன்றும் திரவப்பையும் நீர்க்கட்டி. ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், ஒன்றின் வைத்தியம் மற்றொன்றுக்கும் பொருந்தும் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. நம் வீடுகளில் நன்கு அறிந்த கட்டி சீழ்க்கட்டி. அது பழுக்கும், உடையும், சீழ் வடியும், ஆறும். "பழுத்தால் குத்தி எடு" என்பது சீழ்க்கட்டியைப் பொறுத்தவரை அனுபவத்தில் விளைந்த அறிவு. அங்கே தொல்லை தருவதே உள்ளே அடைபட்ட சீழ்தான். அதை வெளியேற்றுவது சரியான வழியே.

உதட்டுக் குமிழில் இருப்பது சீழன்று. கிருமிகள் அங்கே போர் நடத்தவில்லை. இருப்பது நம் உமிழ்நீரின் ஒரு பகுதியான வழவழப்பான சளிப்பொருள். சீழ்க்கட்டிக்கு உரிய வைத்தியத்தை இதற்குச் செய்வது, குழாய் ஒழுகித் தரையில் தேங்கிய நீரைத் துணியால் துடைத்துவிட்டுக் குழாயை அப்படியே விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பை போன்று தனக்கென உட்சுவர் உடையதையே மருத்துவர்கள் உண்மையான நீர்ப்பை என்பர். உதட்டில் வருகின்ற குமிழ்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய சுவர் கிடையாது. சிந்திய சளியைச் சுற்றி உடல் தானாகவே எழுப்பிய திசு வேலி மட்டுமே இருக்கிறது. ஆகவே "நீர்" என்பதும் முழு உண்மையன்று. "கட்டி" என்பதும் முழு உண்மையன்று. "உமிழ்க்கசிவுக் குமிழ்" என்று எழுதினால் பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். நாக்கின் அடியில் இதே வகையில் தோன்றும் பெரிய வீக்கத்துக்கு, இலத்தீன் மொழியில் சிறு தவளை என்று பொருள்படும் ரானுலா என்ற பெயரை வைத்தார்கள். உருவத்தைச் சொல்லும் அந்தப் பெயரும் காரணத்தைச் சொல்லவில்லை. பெயர் வைப்பதில் வழுக்குவது நம் மொழிக்கு மட்டும் உரிய குறை அன்று.

அடைப்பா, கசிவா?

உமிழ்நீர் என்றதும் காதருகிலும் தாடையின் அடியிலும் நாக்கின் அடியிலும் உள்ள மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளே நினைவுக்கு வரும். பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பது அவற்றுக்கே. ஆனால் உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கு ஆகிய இடங்களில் 600 முதல் 1000 வரை சின்னஞ்சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் உமிழ்நீரில் இவற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எனினும் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் மியூசின் என்ற சளிப்புரதத்தில் பெரும்பகுதியைத் தருபவை இவையே. ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழை போன்ற ஒரு நாளம் வாயின் உட்பரப்பில் வந்து திறக்கிறது.

குமிழ் ஏன் வருகிறது? நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை: நாளம் அடைபடுகிறது, பின்னால் சளி தேங்குகிறது, அதனால் வீங்குகிறது. கேட்பதற்கு மிகவும் இயல்பாக இருக்கிறது. இன்றும் பல பத்திரிகைப் பதில்களில் இதையே காண்கிறோம். இதற்கு எதிரான மற்றொரு விடை: நாளம் அடைபடுவதில்லை, அறுபடுகிறது, சளி அக்கம்பக்கத்துத் திசுவுக்குள் கசிந்து தேங்குகிறது.

இரண்டில் எது சரி என்று வாதாடி முடிவு காண முடியாது. சோதனை வேண்டும். 1956-ஆம் ஆண்டில் பாஸ்கர், போல்டன், வைன்மன் ஆகிய மூவரும் சுண்டெலிகளிடம் இச்சோதனையைச் செய்தனர். உமிழ்நீர் நாளத்தைக் கட்டி அடைத்தால் குமிழ் தோன்றவில்லை. சுரப்பி படிப்படியாகச் சுருங்கிப்போயிற்று. நாளத்தை அறுத்துவிட்டாலோ, சளி வெளியே கசிந்து, மனிதர் உதட்டில் காண்பதைப் போன்ற குமிழ் உருவாயிற்று. இவர்களில் முதல்வரான எஸ்.என். பாஸ்கர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். அவர் பதிப்பித்த வாய்த்திசு இயல் நூலை நம் பல் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்து வந்திருக்கிறார்கள்.

இரண்டு கொள்கைகள்; இரண்டும் வெவ்வேறு விளைவை முன்கூட்டிச் சொல்கின்றன; ஒரே சோதனை ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தள்ளுகிறது. விஞ்ஞான முறைக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா? வயது முதிர்ந்தோரிடம் சில வேளை உண்மையிலேயே அடைப்பினால் வரும் வகை ஒன்றும் உண்டு. அதற்கு உட்சுவரும் இருக்கும். ஆனால் இளைஞர்களின் கீழ் உதட்டில் வருவது பெரும்பாலும் கசிவு வகையே.

நாளம் அறுபடக் காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது. மேல்வரிசைக் கோரைப்பல் கீழ் உதட்டில் பதியும் இடம் எதுவோ, அங்கேதான் குமிழ் அடிக்கடி தோன்றுகிறது. தேர்வு அறையில் உதட்டைக் கடிக்கும் மாணவன், விளையாட்டில் முகத்தில் அடிபட்டவர், வலையின் நைலான் நூலைப் பல்லில் பிடித்து இழுப்பவர் ஆகிய எவருக்கும் இது நேரலாம். கடித்தது நினைவில் இல்லாமல் போவதும் இயல்பே.

ஊசி ஏன் தோற்கிறது?

இப்போது ஊசிக்கு வருவோம். குத்தினால் குமிழ் வடிகிறது என்பது உண்மை. அதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வடிவது வேறு, குணமாவது வேறு.

முதலாவதாக, சளி நீரைப் போல் ஓடாது. குறுகிய குழாயில் திரவம் ஓடும் வேகத்தைப் பற்றிய பாய்சொய் விதி, ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்கிறது. துளையின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சளியின் பாகுநிலையோ நீருடையதைக் காட்டிலும் மிக அதிகம். ஊசித் துளை வழியே மேலோட்டமாகச் சிறிது வெளிவந்து எஞ்சியது உள்ளேயே நிற்பதற்கு இது போதிய காரணம். பாய்சொய் விதி நீர் போன்ற எளிய திரவங்களுக்கே கண்டிப்பாகப் பொருந்தும். சளியின் நடத்தை இன்னும் சிக்கலானது. ஆனால் அந்தச் சிக்கலும் ஊசிக்குச் சாதகமாக இல்லை.

இரண்டாவதாக, வாயின் உட்தோல் மிக விரைவில் ஆறும். ஊசித்துளை சீக்கிரமே மூடிக்கொள்ளும். அறுபட்ட நாளமும் அதன் பின்னால் உள்ள சுரப்பியும் அப்படியே இருக்கின்றன. சுரப்பி தன் வேலையை நிறுத்துவதில்லை. ஆகவே சில வாரங்களில் குமிழ் மீண்டும் நிரம்புகிறது. குத்திய நாளில் "குணமாயிற்று" என்று பதிவாகிறது. திரும்ப வந்த நாளில் "புதிதாக ஒன்று வந்துவிட்டது" என்று பதிவாகிறது. கணக்கை இப்படி எழுதினால் எந்த வைத்தியமும் வெற்றியே பெறும்.

மூன்றாவது, அபாயம். விளக்கில் காட்டிச் சூடாக்கிய ஊசி சுற்றியுள்ள நல்ல சுரப்பிகளையும் சுடும். புதிய நாளங்களை அறுக்கும். சூடாக்காத ஊசி கிருமிகளைக் கொண்டு சேர்க்கும். ஒருவருக்குக் குத்திய ஊசியால் மற்றவருக்கும் குத்தினால் மஞ்சள் காமாலை வைரஸ் முதல் எய்ட்ஸ் வைரஸ் வரை பரவ வழியுண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நீலமாகத் தோன்றுவதெல்லாம் உமிழ்க்கசிவு அல்ல. இரத்தக்குழாய் முடிச்சும் உதட்டில் நீலமாகவே தோன்றும். அதைக் குத்தினால் இரத்தம் எளிதில் நிற்காது.

அந்த நீல நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். "கெட்ட இரத்தம் தங்கியிருக்கிறது, அதனால்தான் நீலம்" என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. குமிழினுள் இருப்பது ஏறத்தாழ நிறமற்ற சளி. அதன்மேல் இழுத்துப் போர்த்திய மெல்லிய படலத்தில் ஒளி விழும்போது, குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி அதிகமாகச் சிதறிக் கண்ணுக்குத் திரும்புகிறது; சிவப்பு ஒளி ஆழமாகச் சென்றுவிடுகிறது. ஆழத்தில் அமைந்த குமிழ் நீலமாகத் தோன்றாமல் உதட்டின் நிறத்திலேயே இருப்பதும் உண்டு. நிறத்தைக் கொண்டு மட்டும் முடிவு கட்டுவது தவறு என்பதற்காகவே, மருத்துவர் சில வேளை ஒரு கண்ணாடித் தகட்டால் அழுத்திப் பார்க்கிறார். இரத்தம் நிறைந்ததாயின் அழுத்தத்தில் இரத்தம் விலகி நிறம் வெளுக்கும்.

கருவாடும் உதடும்

"உப்பு நீரை இழுக்கும், கருவாட்டைப் பார்" என்பது கடற்கரையில் கேட்கும் வாதம். இதைக் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. உவமை சொல்பவர் சவ்வூடு பரவலைக் கண்ணால் கண்டவர். பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவரைவிட அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆனால் கருவாடு எப்படி ஆகிறது? மீனைக் கீறிக் குடலை எடுக்கிறார்கள். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு என்ற அளவில் உப்பைத் திணித்து அடுக்குகிறார்கள். உப்பு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில், அங்கேயே இருக்கிறது. பிறகு வெயிலில் காய்கிறது. இதில் மிக முக்கியமான நிபந்தனையை யாரும் சொல்வதில்லை: மீன் செத்துவிட்டது. அதன் உடலில் இரத்தம் ஓடவில்லை.

உதடு உயிருள்ளது. கீறப்படாத பல அடுக்குத் தோல் குமிழை மூடியிருக்கிறது. மேலே வைத்த உப்பை உமிழ்நீர் சில நிமிடங்களில் கரைத்து அடித்துச் சென்றுவிடும். கொஞ்சம் நீர் வெளியேறினாலும், கீழேயுள்ள இரத்த ஓட்டம் ஈடு செய்யும். நம் உடல் திரவத்தின் உப்புச் செறிவு ஏறத்தாழ 0.9 சதவீத உப்புக் கரைசலுக்குச் சமம். அந்த நிலையை விட்டுக்கொடுக்காமல் காப்பதே உயிருள்ள உடலின் வேலை. அப்படியே நீர் முழுதும் வெளியேறினாலும் சளிப்புரதம் உள்ளேயே தங்கும். மிஞ்சுவது உப்பினால் எரிந்த உதடு. உவமையின் ஒரு பாதி சரி. அதன் நிபந்தனைகள் மறுபாதியில் பொருந்தவில்லை. வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிப்பது வாயைத் தூய்மையாக வைக்க உதவும்; மருத்துவர்களும் சொல்வார்கள். அது வேறு பயன்.

சுண்ணாம்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நீற்றிய சுண்ணாம்பு வலிமையான காரம். வாயின் மென்மையான தோலை அது அரிக்கும். அரித்த புண்ணில் குமிழ் உடைந்து மறைவதைக் கண்டு "வேலை செய்தது" என்பவர், ஊசிக்காரர் எழுதிய அதே கணக்கைத்தான் எழுதுகிறார்.

பனிக்கட்டியும் உண்மையான குளிர் சிகிச்சையும்

"குளிரால் உறைய வைத்துக் குமிழைப் போக்கும் முறை மருத்துவத்திலேயே இருக்கிறது, ஆகவே ஐஸ் வை" என்பது சற்று நாகரிகமான அறிவுரை. இதன் முதற்பாதி உண்மை. திரவ நைட்ரஜனைக் கொண்டோ, நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு விரிவடையும்போது குளிரும் உலோக முனையைக் கொண்டோ திசுவை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை உண்டு. திரவ நைட்ரஜனின் கொதிநிலை கழித்தல் 196 டிகிரி சென்டிகிரேடு. நைட்ரஸ் ஆக்ஸைடினுடையது ஏறத்தாழ கழித்தல் 88 டிகிரி. செல்களுக்குள் பனிப்படிகங்கள் தோன்றி அவற்றைக் கிழிக்க இத்தகைய கடுங்குளிர் தேவை.

வீட்டுப் பனிக்கட்டி உருகும் நிலை 0 டிகிரி. உப்புகள் கரைந்துள்ள நம் உடல் திரவம் உறைவதற்கு அதைவிடச் சுமார் அரை டிகிரி கீழே போகவேண்டும். ஆகவே உருகும் பனிக்கட்டி எவ்வளவு நேரம் வைத்தாலும் திசுவை உறைய வைக்காது. போதாததற்கு 37 டிகிரி வெப்பமுள்ள இரத்தம் இடைவிடாமல் பாய்கிறது. காசிமேட்டு வாசகருக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டி அடுக்கிய மீன் குளிர்ந்திருக்கிறதே தவிர உறைவதில்லை. கத்தி தடையின்றி இறங்கும். செத்த மீனையே உறைய வைக்காத ஐஸ், உயிருள்ள உதட்டை எப்படி உறைய வைக்கும்? ஐஸ் ஆலையிலும் நீர் கட்டியாக உறைவது, 0 டிகிரிக்கும் கீழே குளிர்வித்த உப்புக் கரைசல் தொட்டிக்குள் அச்சுகளை இறக்கி வைப்பதால்தான். ஐஸுடன் உப்பைக் கலந்து உதட்டில் வைத்துப் பார்க்கலாமே என்று எந்த மாணவனும் முயல வேண்டாம். அக்கலவை கழித்தல் 20 டிகிரி வரை குளிர்ந்து, எல்லையின்றித் தோலைக் கருக்கிவிடும்.

"வலி இல்லை" என்ற பொய்யான ஆறுதல்

எல்லா அறிவுரைகளிலும் மிகக் கொடியதாக நான் கருதுவது, ஒன்றுமே செய்யச் சொல்லாத அறிவுரை. "வலி இருந்தால்தானே பயம்? வலி இல்லாத கட்டியை விட்டுவிடு." மற்றவை உதட்டைப் புண்ணாக்கும், இது உயிரையே வாங்கக் கூடும்.

வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரும்போது நோய் ஆழமாகச் சென்றிருக்கும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள துறைமுக, ஆலைப் பகுதிகளில் மாவா, புகையிலை ஆகியவற்றை உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொண்டு வேலை செய்வோர் உண்டு. புகையிலை தங்கும் அதே இடத்தில் தோன்றும் தடிப்பை "வலி இல்லை" என்று தள்ளிப்போடச் சொல்லும் பத்திரிகைப் பதில் எவ்வளவு பெரிய பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது!

ஆகவே வலியைக் கேட்பதற்குப் பதில் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். குமிழ் கீழ் உதட்டில் உள்ளதா, மேல் உதட்டிலா? மேல் உதட்டில் உமிழ்க்கசிவு அரிது. அங்கே தோன்றும் வீக்கம் சுரப்பியில் வளரும் வேறு கட்டியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அண்ணத்திலும் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னாலும் தோன்றுவதும் அப்படியே. சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்று, சாதாரண உமிழ்க்குமிழின் வேடத்திலேயே அங்கு வருவதுண்டு. மென்மையாக அசைகிறதா, கெட்டியாக இருக்கிறதா? வடிந்து மறைந்து மீண்டும் வருகிறதா, அல்லது ஒரே சீராக வளர்ந்துகொண்டே போகிறதா? மேற்பரப்பு வழவழப்பாக உள்ளதா, வெள்ளையாகவோ சிவப்பாகவோ புண்ணாகவோ மாறுகிறதா? கெட்டியானது, வளர்வது, புண்ணாவது, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாதது ஆகிய எதுவும் காத்திருக்கத் தக்கது அன்று.

மறுபுறம், பயமுறுத்தியே பழகிய எழுத்தும் உண்டு. கீழ் உதட்டில் உள்ள மென்மையான குமிழ் புற்றாக மாறிவிடும் என்று எழுதுவது தவறு. உமிழ்க்கசிவு புற்றாக மாறுவதில்லை. புற்று ஒன்று உமிழ்க்கசிவைப் போலத் தோன்றக் கூடும் என்பதே செய்தி. இரண்டு வாக்கியத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு, ஓர் இளைஞனின் பல இரவுத் தூக்கத்துக்குச் சமம்.

கத்தியும் லேசரும்

மருத்துவர்களின் எழுத்தும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது அன்று. "அறுவை சிகிச்சையே தீர்வு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அளவோ பட்டாணி, அறுவை என்ற சொல்லோ மலை. காரணம் சொல்லாத இடத்தில் வாசகன் ஊசியைத் தேடிப் போவதில் வியப்பென்ன?

காரணம் ஒரு பத்தியில் அடங்கிவிடும். கசிவுதான் நோய் என்றால், கசியும் சுரப்பியையும் சேர்த்து எடுத்தால் மட்டுமே கசிவு நிற்கும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போட்டு, குமிழையும் அதற்கு உணவளிக்கும் சிறு சுரப்பி மணிகளையும் எடுத்து, சில தையல் போடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நூற்றுக்கணக்கான சுரப்பிகளில் ஒன்றிரண்டு போவதால் வாய் வறண்டுவிடாது. எடுத்த திசுவை நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்புவதால், வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்பதும் தெளிவாகிறது. எல்லாச் சிகிச்சையையும் போல இதற்கும் குறைகள் உண்டு. சுரப்பி மணி தங்கிவிட்டாலோ, தைக்கும்போது பக்கத்துச் சுரப்பி காயப்பட்டாலோ மீண்டும் வரலாம். நுண்ணிய நரம்பிழை பாதிக்கப்பட்டால் சிறிது காலம் மரத்திருக்கலாம். இதையும் சொல்வதே நேர்மை. குழந்தைகளிடமும், மேலோட்டமான சிறு குமிழ்களிலும், மருத்துவர் பார்த்து உறுதி செய்தபின் சில வாரம் பொறுத்திருந்தால் தானே மறைவதும் உண்டு. பெரிய குமிழ்களில் மேற்கூரையைத் திறந்து விட்டோ, நூல் கோத்து வடிகால் அமைத்தோ சிகிச்சை செய்வதும் உண்டு.

லேசர் விளம்பரங்களுக்கு வருவோம். கார்பன் டை ஆக்ஸைடு லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியை நீர் மிக வலிமையாக உட்கவர்கிறது. திசுவில் பெரும்பகுதி நீர். ஆகவே கற்றை ஆழமாகப் போகாமல் மேற்பரப்பிலேயே ஆவியாக்கி அறுக்கிறது. இரத்தம் குறைவாகச் சிந்தும். பல வேளைகளில் தையலும் தேவைப்படாது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் "லேசர், ஆதலால் திரும்ப வராது" என்பது பிழையான தருக்கம். திரும்ப வருவதும் வராததும் சுரப்பி எடுபட்டதா என்பதைப் பொறுத்தது. எதைக் கொண்டு எடுத்தார்கள் என்பதை மட்டும் பொறுத்தது அன்று. அதோடு, குமிழ் முழுவதையும் ஆவியாக்கிவிட்டால் நுண்ணோக்கிக்கு அனுப்பத் திசுவே மிஞ்சாது. விளம்பரம் இதைச் சொல்வதில்லை. செலவு செய்யுமுன் நோயாளி கேட்க வேண்டிய கேள்வி இதுவே: "எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவீர்களா?"

யாருக்காக எழுதுகிறோம்?

படகில் போகிறவருக்கும் மீன் கூடையைத் தூக்குகிறவருக்கும் மருத்துவமனைக்குப் போகும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. அவர் ஊசியை நம்புவது மூடத்தனத்தால் மட்டும் அன்று; ஊசி அங்கேயே, அப்போதே, செலவின்றிக் கிடைக்கிறது. அந்தக் கணக்கை மாற்ற வேண்டுமானால், ஊசி ஏன் வீண் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். கூடவே எங்கே போவது என்பதையும் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியோர் சொல்வது அதையே. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பகுதியாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அது சாதாரண உமிழ்க்குமிழே என்று மருத்துவர் உறுதி சொல்லிவிட்டால், எடுப்பதற்கு அவசரம் இல்லை. விசைப்படகுத் தொழிலாளர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேட்கலாம். இத்தகைய ஒரு வரியை எந்தப் பத்திரிகைப் பதிலிலும் நான் கண்டதில்லை.

தமிழில் மருத்துவக் காரணங்களை விளக்க முடியாது என்ற சாக்கு செல்லாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் அப்போதே தமிழ் நூல்களாக அச்சேறின. மொழி அன்றே ஆயத்தமாகிவிட்டது. நாம் செய்யத் தவறுவது, "செய்", "செய்யாதே" என்ற கட்டளைக்குப் பின்னால் "ஏனெனில்" என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது.

அடுத்த முறை இத்தகைய மருத்துவப் பதில் ஒன்றைப் படிக்கும் மாணவர்கள், அதில் மூன்று செய்திகள் உள்ளனவா என்று தேடிப் பார்க்கட்டும். எதனால் வருகிறது? சொல்லும் வைத்தியம் அந்தக் காரணத்தைத் தொடுகிறதா? எப்போது காத்திருக்கக் கூடாது? மூன்றுக்கும் விடை இல்லாத அறிவுரை எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவர் பெயரில் வந்தாலும், அதைத் தேநீர்க் கடைப் பேச்சுக்கு மேலாக மதிக்க வேண்டியதில்லை. மூன்றுக்கும் விடை தருமாயின், தேநீர்க் கடையில் கேட்டாலும் காது கொடுத்துக் கேட்கலாம்.